வானத்தில் வேலை... தில்லையில் பயிற்சி!

குட்டீஸ்! ஆகாயத்தில் விமானம் போகும் சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள்? வாசலுக்கு ஓடி வந்து, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்ப்பீர்கள்தானே? 'ஒரு நாளாவது அதில் பறக்க வேண்டும்' என்ற ஆசை கடலூரிலும் உண்டு, சிதம்பரத்திலும் உண்டு. சிலருக்கு அதைவிடப் பெரிய ஆசை... 'அதிலேயே வேலை பார்க்க வேண்டும்!'

ஆசையை வீட்டில் சொல்லிப் பாருங்கள். "சாப்பாடு பரிமாறுற வேலைக்கா இவ்வளவு படிப்பு?" என்பார் தாத்தா. "அதுக்கெல்லாம் சிவப்பா இருக்கணும்டி" என்பார் அத்தை. "லட்சக்கணக்கில் பீஸ் கட்டணுமாமே" என்று கவலைப்படுவார் அப்பா. மூன்று பேருக்குமே இந்தக் கட்டுரையில் பதில் இருக்கிறது. நீங்கள் படித்து முடித்ததும் பேப்பரை அவர்களிடமும் கொடுங்கள்!

முதல் பணிப்பெண் ஒரு நர்ஸ்!

முதலில் தாத்தாவுக்குப் பதில்.

உலகின் முதல் விமானப் பணியாளர் ஓர் ஆண். பெயர் ஹென்ரிக் கூபிஸ். ஜெர்மனிக்காரர். 1912-ஆம் ஆண்டில் 'செப்பலின்' என்ற பிரம்மாண்டமான ஆகாயக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். 1937-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி, 'ஹிண்டன்பர்க்' ஆகாயக் கப்பல் அமெரிக்காவில் தரையிறங்கும்போது தீப்பிடித்தது. அதில் தலைமைப் பணியாளராக இருந்தவர் இதே கூபிஸ்தான். கப்பல் தரையை நெருங்கும் வரை பொறுத்திருந்து, "இப்போது குதியுங்கள்!" என்று பயணிகளை ஜன்னல் வழியாகக் குதிக்கவைத்து, பிறகு தானும் குதித்துத் தப்பினார்.

முதல் விமானப் பணிப்பெண் யார் தெரியுமா? அமெரிக்காவைச் சேர்ந்த எல்லன் சர்ச். இவர் ஒரு நர்ஸ். விமானம் ஓட்டவும் கற்றவர். ஆனால், அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை விமானியாக வைத்துக்கொள்ள விமான நிறுவனம் தயாராக இல்லை. எல்லன் சோர்ந்து போகவில்லை. "அப்படியானால் நர்ஸ்களையாவது விமானத்தில் அனுப்புங்கள். பயணிகளுக்குப் பயம் போகும்" என்று யோசனை சொன்னார். 1930-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி அவர் பணியாளராக முதன்முதலில் பறந்தார்.

பார்த்தீர்களா குட்டீஸ்? இந்த வேலை பிறந்ததே, பயணிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத்தான். காபியும் சாப்பாடும் பிறகு வந்து சேர்ந்துகொண்டவை.

90 நொடிக்குள்...

ஒரு புது ரக விமானம் பயணிகளை ஏற்றும் முன் ஒரு கடினமான பரீட்சை எழுத வேண்டும். 44-க்கு மேல் இருக்கைகள் இருந்தால், அதில் உள்ள அத்தனை பேரும் 90 நொடிக்குள் வெளியேற முடியும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். அதுவும் பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி! உங்கள் பள்ளியில் பெல் அடித்ததும் ஒரு வகுப்பு காலியாக எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்போது புரியும், 90 நொடி என்பது எவ்வளவு குறைவு என்று.

நம் நாட்டு விதிப்படி, 50 இருக்கைகளுக்கு ஒரு பணியாளராவது இருக்க வேண்டும். 180 இருக்கை உள்ள விமானத்துக்குக் குறைந்தது 4 பேர். எல்லாருக்கும் காபி கொடுக்க அத்தனை பேர் தேவை என்பதற்காக அல்ல, அவசரத்தில் எல்லாரையும் வெளியேற்ற அத்தனை பேராவது வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு!

2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி, ஜப்பான் நாட்டின் டோக்கியோவில் நடந்ததைக் கேளுங்கள். ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய பெரிய பயணிகள் விமானம், ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல் படை விமானத்தின் மீது மோதியது. சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்துவிட்டார்கள். பெரிய விமானம் தீப்பிடித்தபடியே ஓடி நின்றது. உள்ளே 367 பயணிகள், 12 பணியாளர்கள். புகை சூழ்ந்துவிட்டது. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. 8 வாசல்களில் 3 வாசல்களைத்தான் திறக்க முடிந்தது.

பணியாளர்கள் என்ன செய்தார்கள்? ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, எந்தப் பக்கம் தீ இல்லை என்று கண்டுபிடித்தார்கள். கையில் பிடிக்கும் மெகாபோனிலும், உரத்த குரலிலும் சத்தம் போட்டு வழிகாட்டினார்கள். "பையை எடுக்காதீர்கள்!" என்றார்கள். பயணிகளும் அதைக் கேட்டு நடந்தார்கள். விமானி கடைசி ஆளாக இறங்கினார். அந்த விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்!

தாத்தாவிடம் சொல்லுங்கள், இதுதான் 'சாப்பாடு பரிமாறுற வேலை' என்று!

நீர்ஜா அக்கா

நம் நாட்டிலும் ஒரு வீராங்கனை இருந்தார். பெயர் நீர்ஜா பனோட். சண்டிகரில் பிறந்தவர். 1986-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, மும்பையிலிருந்து கிளம்பிய 'பான் ஆம்' விமானம், பாகிஸ்தானின் கராச்சியில் நின்றிருந்தபோது துப்பாக்கி ஏந்திய தீவிரவாதிகள் உள்ளே புகுந்தார்கள். நீர்ஜா உடனே விமானிகளுக்குத் தகவல் தெரியும்படி செய்தார். அவர்கள் தப்பிவிட்டதால், விமானத்தை வேறு எங்கும் கடத்திப் போக முடியவில்லை.

அமெரிக்கப் பயணிகளைக் குறிவைக்கிறார்கள் என்று புரிந்ததும், நீர்ஜாவும் மற்றப் பணியாளர்களும் அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளை ஒளித்து வைத்தார்கள். பல மணி நேரம் கழித்துத் துப்பாக்கிச் சூடு தொடங்கியபோது, நீர்ஜா முதல் ஆளாக இறங்கி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பயணிகள் வெளியேற உதவினார். குழந்தைகளைக் காப்பாற்றும் முயற்சியில் உயிர் துறந்தார். இரண்டு நாள் கழித்து அவருக்கு 23-ஆவது பிறந்த நாள் வந்திருக்கும். நம் அரசு அவருக்கு அசோக சக்கரா விருது வழங்கிக் கௌரவித்தது.

ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

விமானத்தில் பணியாளர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு.

* 'ஆக்சிஜன் முகமூடியை முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு குழந்தைக்குப் போடுங்கள்.' இது சுயநலம் இல்லையா? இல்லை! 35 ஆயிரம் அடி உயரத்தில் திடீரென்று காற்றழுத்தம் குறைந்தால், ஒரு நிமிடத்துக்குள் நினைவு தடுமாறிவிடும். அம்மா மயங்கிவிட்டால் குழந்தைக்கு யார் போட்டுவிடுவது?

* 'ஜன்னல் திரையைத் திறந்து வையுங்கள்.' வெளியே தீயோ புகையோ இருந்தால் உடனே தெரிய வேண்டும். டோக்கியோவில் உதவியது வெளியே பார்க்கும் இந்தப் பழக்கம்தான்.

* 'லைஃப் ஜாக்கெட்டை விமானத்துக்குள் ஊதாதீர்கள்.' உள்ளே தண்ணீர் ஏறினால், ஊதிய ஜாக்கெட் உங்களைக் கூரையோடு தூக்கிவிடும். முங்கி வாசலுக்கு வர முடியாது.

* 'இருக்கையை நிமிர்த்துங்கள்.' பின்னால் இருப்பவர் எழுந்து ஓட வழி வேண்டுமே!

தேர்வான பணியாளர்களுக்கு இவையெல்லாம் பாடம். தீயை அணைப்பது, புகை நிறைந்த அறையில் வழி கண்டுபிடிப்பது, சறுக்கில் குதிப்பது, நின்றுபோன இதயத்தை மறுபடி துடிக்க வைக்க நெஞ்சை அழுத்துவது, கோபமாகக் கத்தும் பயணியிடம் பொறுமையாகப் பேசுவது என்று பட்டியல் நீளும். ஒரு தடவை கற்றால் போதாது. ஆண்டுதோறும் மறுபடி பயிற்சி, மறுபடி பரீட்சை!

சரி, விமான நிலையமே இல்லாத சிதம்பரத்தில் இருந்துகொண்டு இதற்கு எப்படித் தயாராவது? கவலை வேண்டாம். ஊர் தெரியாத ஒருவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் உயிர். விமானப் பணியாளர், டிராவல்ஸ்காரர், கைடு, படகோட்டி எல்லாருக்கும் அதுதான் வேலை. ஊர் தெரியாதவர்கள் தினமும் வந்து இறங்கும் இடம்தானே நம் கடலூர் மாவட்டம்!

பாடம் 1: உண்மை பேசு!

சிதம்பரம் நடராஜர் கோயில் வாசலில் நில்லுங்கள். தெலுங்கு, இந்தி, ஆங்கிலம், பிரெஞ்சு என்று பல மொழிகள் காதில் விழும். மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி சமயத்தில் கேட்கவே வேண்டாம்!

வந்தவர்களுக்கு எதைக் காட்டலாம்? கோபுர வாசலின் இரண்டு பக்கமும் நாட்டியத்தின் 108 கரணங்கள் சிற்பங்களாக இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில், ஜெனீவா நகருக்கு அருகே 'செர்ன்' என்ற உலகப் புகழ் பெற்ற அணு ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கேயும் ஒரு நடராஜர் சிலை நிற்கிறது! 2004-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தச் சிலை, நம் நாடு கொடுத்த பரிசு. இதைச் சொன்னால் வெளிநாட்டுக்காரர்கள் அசந்துபோவார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'நடராஜரின் கால் விரல் பூமியின் காந்த மையத்தில் இருக்கிறது' என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. நல்ல கைடு அதைச் சொல்ல மாட்டார். ஏன்? காந்த நடுக்கோடு பூமியைச் சுற்றிப் போகும் ஒரு கோடு. அதற்கு 'மையப் புள்ளி' என்று ஒன்று கிடையாது. ஆண்டுக்கு ஆண்டு அது இடமும் மாறுகிறது. தமிழ்நாட்டில் அதை ஆராயும் கூடம் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறது. நம் கோயிலின் பெருமைக்கு அந்தக் கதை தேவையே இல்லை. 108 கரணங்கள் போதாதா?

'புராணம் இப்படிச் சொல்கிறது', 'வரலாறு இப்படிச் சொல்கிறது' என்று பிரித்துச் சொல்லப் பழகுங்கள். கைடு சொல்வதைத்தான் விருந்தாளி நம்புகிறார்.

பாடம் 2: பத்திரமாகக் கூட்டிப் போ!

சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று ஏன் பெயர்? தில்லை மரங்கள் அடர்ந்த காடாக இருந்ததால்தான். அந்த மரத்தை இன்று பார்க்க வேண்டும் என்றால், சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே இருக்கிறது இந்த அலையாத்திக் காடு. 2022-ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 'ராம்சர்' பட்டியலில் சேர்ந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 சுனாமியில், இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து! படகில் போகும் வெளியூர்ப் பையன் ஆசையாகக் கிளையை ஒடிக்கப் போனால், "தம்பி, தொடாதே!" என்று தடுக்க வேண்டியவர் யார்? படகோட்டிதான். லைஃப் ஜாக்கெட்டை எல்லாரும் மாட்டிக்கொண்டார்களா, ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறார்களா, மேகம் கறுக்கிறதா என்று கவனிப்பவரும் அவரே. அடுத்த முறை பிச்சாவரம் போனால், படகோட்டி அண்ணனின் கண்களைக் கவனியுங்கள். காட்டை நீங்கள் பார்ப்பீர்கள். அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்!

பாடம் 3: சரியாக விசாரி!

"கடலூருக்கு ரயிலில் வருகிறேன்" என்கிறார் ஒருவர். எந்த ஸ்டேஷன்? கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனும் உண்டு, கடலூர் துறைமுகம் சந்திப்பும் உண்டு. முன்னது புதுநகர்ப் பக்கம், பின்னது முதுநகர்ப் பக்கம். சரியாக விசாரிக்காமல் டிக்கெட் போட்டால், மூட்டை முடிச்சோடு ஒரு பாட்டி ராத்திரி நேரத்தில் தப்பான ஸ்டேஷனில் நிற்பார். டிராவல்ஸ் தொழிலில் 'ஒரு கேள்வி கூடுதலாகக் கேள்' என்பது பொன் விதி.

இறங்கியவருக்குக் கதை சொல்ல கடலூரில் பஞ்சமே இல்லை. தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690-ஆம் ஆண்டு மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர்கள் அதை வாங்கினார்கள். எல்லை எது? பீரங்கியால் குண்டு சுட்டு, அது விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு! குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயருக்கு இதுதான் காரணம் என்கிறார்கள். இந்தக் கதையை இரண்டே நிமிடத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் உங்களால் சொல்ல முடியுமா? முடிந்தால், பாதி கைடு ஆகிவிட்டீர்கள்!

அத்தைக்கும் அப்பாவுக்கும்...

அத்தைக்குப் பதில்: விமானப் பணிக்குச் சிவப்பாக இருக்க வேண்டும் என்று எந்த அரசு விதியும் கிடையாது. உயரம் கேட்பது உண்மைதான். அவசரச் சாதனங்கள் தலைக்கு மேலே உள்ள பெட்டிகளில் இருக்கும். அவை கைக்கு எட்ட வேண்டும் அல்லவா! நல்ல உடல்நலம், நல்ல பார்வை, தெளிவான பேச்சு முக்கியம். நீச்சல் தெரிந்தால் கூடுதல் பலம். பையன்களும் இந்த வேலைக்குப் போகலாம். கூபிஸை மறந்துவிடாதீர்கள்!

அப்பாவுக்குப் பதில்: பொதுவாக பிளஸ் டூ தேர்ச்சியும் 18 வயதும் வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு, அரசு விதிப்படியான பாதுகாப்புப் பயிற்சியை விமான நிறுவனமே ஏற்பாடு செய்கிறது. தனியார் பயிற்சி மையத்தின் சான்றிதழ் கட்டாயம் இல்லை. பேச்சும் நடையுடையும் மெருகேற அங்கே சேரலாம். ஆனால், 'பீஸ் கட்டினால் வேலை நிச்சயம்' என்று யாராவது சொன்னால், நிலத்தையோ நகையையோ அடகு வைக்கும் முன் ஒன்றுக்கு நான்கு பேரிடம் விசாரியுங்கள். நேர்முகத் தேர்வுக்கே பணம் கேட்டால் உஷார்!

அரசு வழிகளும் இருக்கின்றன. சென்னை தரமணியிலும், திருச்சி துவாக்குடியிலும் அரசு சார்ந்த ஓட்டல் மேலாண்மைக் கல்லூரிகள் உள்ளன. பிளஸ் டூ முடித்ததும் 'என்.சி.எச்.எம். ஜே.இ.இ.' என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். சுற்றுலாவுக்கென்றே 1983-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் குவாலியரில் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்காகத் தாட்கோ விமானத் துறைப் பயிற்சிகளை அறிவித்ததும் உண்டு. பெரியவர்களாகும்போது இவற்றை மறக்காமல் விசாரியுங்கள்.

இப்போதே தொடங்கலாமே!

* தினமும் 10 நிமிடம் ஆங்கிலச் செய்தியை வாய்விட்டுப் படியுங்கள். தமிழையும் அதேபோலப் படியுங்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. முதன்முதலில் விமானம் ஏறும் பாட்டிக்குத் தமிழில் பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

* உங்கள் ஊரைப் பற்றி 10 உண்மைகளை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் புத்தகத்தில் அல்லது ஆசிரியரிடம் சரிபாருங்கள்.

* முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர் படை இருந்தால் சேருங்கள்.

* பெரியவர்கள் துணையோடு நீச்சல் பழகுங்கள்.

* வெளியூர்க்காரர் வழி கேட்டால் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால், தெரியாதவர்களோடு தனியாகப் போகவே கூடாது. பத்திரம் என்பது உங்களுக்கும் சேர்த்துத்தான்!

மூளைக்கு வேலை

1. விமானத் துறையில் எழுத்துகளைத் தப்பாகக் கேட்டுவிடாமல் இருக்க, ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'சார்லி, யூனிஃபார்ம், டெல்டா, டெல்டா, ஆல்ஃபா, லீமா, ஆஸ்கர், ரோமியோ, எக்கோ'. முதல் எழுத்துகளைச் சேருங்கள். எந்த ஊர்?

2. சென்னையில் காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம், 4 மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் இறங்குகிறது. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே கடிகாரத்தில் மணி என்ன?

செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா தினம். அன்று உங்கள் வகுப்பில் ஒருவர் கைடு, மற்றவர்கள் பயணிகள் என்று விளையாடிப் பாருங்கள். நன்றாகப் பேசியவருக்கு ஒரு மார்க். யாரையும் தொலைக்காமல் எல்லாரையும் எண்ணித் திரும்பக் கூட்டி வந்தவருக்குப் பத்து மார்க். என்ன குட்டீஸ், ரெடியா?

(விடைகள்: 1. நம்ம கடலூர்! 2. மாலை 4.30 மணி.)